தெருவுக்குச் சேதி சொல்ல எது தோது? வாட்ஸ்அப், ஆட்டோ மைக், கரும்பலகை, சமுதாய வானொலி

2020 ஏப்ரல் 24-ஆம் தேதி அறிவிப்பு வந்தது: 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு. மறுநாள் காலை மளிகைக் கடை, காய்கறிக் கடை எங்கும் தோளோடு தோள் உரசும் கூட்டம். கடை நேரத்தைப் பிற்பகல் 3 மணி வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்த நான்கு நாளும் நடமாடும் வண்டிகளில் காய்கறி விற்கலாம் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. தெருமுனைக்கு வந்து சேர்ந்தது என்னவோ ‘நாலு நாள் எல்லாம் மூடல்’ என்ற பாதிதான்.

சென்னைக்கு அப்போது இன்னொரு குறையும் இருந்தது. மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. கொரோனாவின் முதல் இரண்டு அலைகளிலும் 200 வார்டுகளில் ஒன்றில்கூடக் கவுன்சிலர் கிடையாது. ‘நம்ம தெருவுல காய்ச்சல் முகாம் எப்போ, தொற்றுன்னு தெருவை அடைச்ச தகரத்தை எப்போ எடுப்பாங்க’ என்று கேட்க ஓர் ஆள் இல்லாத இடத்தைக் குடியிருப்போர் சங்கங்களும் தெரு இளைஞர்களும் வட்டாரப் பத்திரிகைகளும்தான் நிரப்பின. அடுத்த முறை கவுன்சிலர் இருந்தாலும் இந்த வேலை தெருவில்தான் வந்து விழும். 300 முதல் 3,000 வீடுகள் வரை உள்ள ஒரு பகுதிக்கு எந்த ஊடகத்தை நம்புவது என்பதை இப்போதே முடிவு செய்து வைப்பது நல்லது.

எது வேகமானது என்று மட்டும் பார்த்தால் வாட்ஸ்அப் ஜெயித்துவிடும். கட்டுரையும் இங்கேயே முடிந்துவிடும். யாருக்குப் போய்ச் சேரவில்லை, தப்பாகப் போன சேதியைத் திருத்த முடியுமா, கேட்டவர் திருப்பிக் கேள்வி கேட்க வழியிருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது. இந்த மூன்றில் சங்கங்கள் கவனிக்கத் தவறுவது இரண்டாவதை.

வாட்ஸ்அப் குழு

செலவில்லை, நொடியில் போகும், எல்லோருக்கும் பழகியது. ஓட்டைகள் எங்கே என்று பார்ப்போம்.

முதல் ஓட்டை உறுப்பினர் பட்டியலிலேயே இருக்கிறது. அடுக்குமாடிகளில் பெரும்பாலும் இருப்பது உரிமையாளர் குழு. அதில் துபாயிலும் பெங்களூருவிலும் இருக்கும் உரிமையாளர் இருப்பார். அந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பம் இருக்காது. காவலாளி, வீட்டு வேலைக்கு வரும் அம்மா, இஸ்திரி போடுபவர் யாரும் இருக்க மாட்டார்கள். ‘240 வீடு, 240 உறுப்பினர்’ என்ற கணக்கை நம்பக் கூடாது. வீட்டு எண் வாரியாக ஒரு நோட்டில் எழுதி, இன்றைக்கு அந்த வீட்டில் படுத்து எழுபவர் ஒருவராவது குழுவில் இருக்கிறாரா என்று டிக் அடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தெருவீடுகளில் வேறு சிக்கல்: வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன், அது பகல் முழுக்கப் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பில்.

இரண்டாவது, கூச்சல். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டால், காய்ச்சல் முகாம் அறிவிப்பு காலை வணக்கப் படங்களுக்கும் கஷாயக் குறிப்புகளுக்கும் அடியில் புதைந்துபோகும். ஆகவே இரண்டு குழு வேண்டும். ஒன்றில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம். நாளுக்கு நான்கைந்து சேதிக்கு மேல் கூடாது. இன்னொன்று கேள்விக்கும் புலம்பலுக்கும். 2020-இல் ஒரு குழுவுக்கு 256 பேர்தான் உச்சம், அதனால் பெரிய வளாகங்கள் பிளாக் வாரியாகப் பிரித்தன. 2022 இறுதியிலிருந்து 1,024 பேர் வரை சேர்க்கலாம். ‘பிராட்காஸ்ட் லிஸ்ட்’ வசதியை நம்ப வேண்டாம்: அனுப்புபவரின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போகும். சேமிக்காதவருக்குப் போகவில்லை என்பது அனுப்பியவருக்கும் தெரியாது, சேமிக்காதவருக்கும் தெரியாது.

மூன்றாவதுதான் பெரிது: தேதி. ‘நாளை முகாம்’ என்ற சேதி நான்கு நாள் கழித்து வேறு குழுவிலிருந்து திரும்பி வரும்போதும் ‘நாளை’ என்றேதான் இருக்கும். எந்தச் சேதிக்கும் முதல் வரியில் தேதி, கிழமை, நேரம், தெருப் பெயர். அடுத்து விஷயம். கடைசி வரியில் எதுவரை செல்லும், யார் சொன்னது. இப்படி:

‘12.06, வெள்ளி, காலை 8. பாரதி தெரு, கம்பர் தெரு. மெட்ரோ வாட்டர் லாரி இன்று 11 மணிக்குப் பதில் 3 மணிக்கு வரும். இன்று மட்டும். சொன்னது: டெப்போ.’

அழகாக வடிவமைத்த படமாக அனுப்புவதைவிட எழுத்தாக அனுப்புவது மேல். படத்தில் உள்ளதை எளிதில் தேடி எடுக்க முடியாது, பார்வையற்றோரின் போன் அதைச் சரியாக வாசித்துக் காட்டாமல் போகலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு 30 நொடிக் குரல் பதிவு ஒன்று. அதுவும் தேதியோடுதான் தொடங்க வேண்டும்.

திருத்தம் என்று வந்தால் வாட்ஸ்அப் பலவீனமானது. நீங்கள் அனுப்பியதை அழிக்கலாம். அதற்குள் பத்துப் பேர் வேறெங்கோ தள்ளிவிட்டதை அழிக்க முடியாது. 2020 ஏப்ரலில், பலமுறை ஃபார்வர்டு ஆன சேதியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று அந்த நிறுவனம் கட்டுப்படுத்தியது. காப்பி எடுத்து ஒட்டினால் அந்தத் தடை செல்லாது. கோழிக்கறியால் கொரோனா வரும் என்ற புரளி 2020 தொடக்கத்தில் நாமக்கல் பண்ணைகள் வரை ஆட்டிவைத்தது இந்த வழியில்தான்.

தொற்று வந்தவரின் பெயர், வீட்டு எண், சோதனை முடிவின் படம் ஆகியவை எந்தக் குழுவிலும் வரக் கூடாது. ‘மூன்றாவது பிளாக்கில் ஒருவருக்குத் தொற்று, லிஃப்ட்டைத் துடைத்திருக்கிறோம்’ என்பதே போதும். பெயர் வெளியே வந்தால் அடுத்த வீட்டில் காய்ச்சல் வந்தவர் சொல்லாமல் மறைப்பார். அப்புறம் எந்த ஊடகம் இருந்தும் பயனில்லை.

ஆட்டோ மைக்

போன் இல்லாதவர், படிக்காதவர், குழுவில் இல்லாதவர் எல்லோருக்கும் எட்டுவது இது ஒன்றுதான். தேர்தலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் பழகிய சாதனம்தான் என்றாலும், ஊரடங்கில் பலர் இதை வீணடித்தார்கள். காரணம் சேதியின் நீளம்.

கணக்கு எளிது. கூம்பு ஸ்பீக்கரின் பேச்சு, வண்டிக்கு முன்னும் பின்னும் 50 மீட்டர் தெளிவாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோ 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வாசலில் நிற்பவர் காதில் அது விழுவது 18 நொடி. 10 கிலோமீட்டர் வேகம் என்றால் 36 நொடி. ஒரு நிமிட அறிவிப்பை எழுதிக்கொண்டு 20-இல் போனால், ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் வெவ்வேறு துண்டுதான் கிடைக்கும்: ஒரு வீட்டுக்கு ‘அன்பார்ந்த பொதுமக்களே’, அடுத்த வீட்டுக்கு ‘தவறாமல் கலந்துகொண்டு’. எங்கே, எப்போது என்பது யாருக்கும் முழுதாகக் கிடைக்காது. அறிவிப்பு 12 நொடிக்குள், அதாவது 17, 18 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வண்டி 10-இல் ஊர வேண்டும். அப்போது ஒவ்வொருவரும் குறைந்தது இருமுறை முழுதாகக் கேட்பார்கள்.

‘நாளைக்கு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, மாரியம்மன் கோயில் பக்கத்துல காய்ச்சல் முகாம். சளி, காய்ச்சல் இருக்கிறவங்க வாங்க. ஒரு மணி வரைக்கும்.’ பதினேழு சொல். வணக்கம் இல்லை, சங்கத்தின் பெயர் இல்லை, தலைவர் பெயர் இல்லவே இல்லை.

நேரடியாக மைக்கில் பேசுவதைவிடப் பதிவு செய்து பென் டிரைவில் ஓட்டுவது மேல். பேசுபவருக்குத் தொண்டை கட்டாது, மைக் ஊளையிடாது, எல்லாத் தெருவுக்கும் ஒரே சேதி போகும். ஒரு கண்ணி மட்டும் உண்டு: பென் டிரைவில் போன வாரப் பதிவும் இருந்தால், ஓட்டுநர் பட்டனைத் தெரியாமல் அமுக்கிய கணமே அது பாட ஆரம்பிக்கும். புதியதை ஏற்றும் முன் பழையதை அழித்துவிட வேண்டும்.

சாதனத்துக்கு 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் 60 வாட் ஆம்பிளிஃபயர், இரண்டு கூம்பு போதும். 60 வாட்டை ஒரே கூம்பின் 35 வாட் யூனிட்டில் கொடுத்து முழுச் சத்தம் வைத்தால் உள்ளே அதிரும் டயாபிரம் சீக்கிரமே கிழியும். இரண்டாகப் பிரித்தால் தாங்கும். ஒன்று முன்னோக்கி, ஒன்று பின்னோக்கி. இருபுறமும் அடுக்குமாடி எழுந்த குறுகிய தெருவில் சத்தம் சுவரில் மோதி இரட்டிக்கும்; அங்கே ஓட்டிக்கொண்டே போகாமல் தெருவின் நடுவில் வண்டியை நிறுத்தி, சத்தத்தைக் குறைத்து, இருமுறை ஓடவிட வேண்டும். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் முன் அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. ஊரடங்கு என்றால் வண்டி ஓட்டவே தனி அனுமதி தேவைப்படலாம் என்பதால், காவல் நிலையத்துக்கும் மண்டல அலுவலகத்துக்கும் கடிதம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

வட இந்தியத் தொழிலாளர் தங்கியிருக்கும் அம்பத்தூர், சோழிங்கநல்லூர் பகுதிகளில் அதே 12 நொடியை இந்தி, ஒடியா, வங்காளத்திலும் பதிவு செய்ய வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலியின் குரல் வேண்டாம். அங்கே தங்கியிருப்பவரில் ஒருவரையே பேசவைத்தால், அறைக்குள் இருப்பவர் வெளியே வந்து கேட்பார்.

மைக்கால் முடியாதது விளக்குவது. அது ‘எப்போது, எங்கே’ என்பதற்கு மட்டும். நாள் தவறாமல் ஓட்டினால் ஜனங்கள் காதில் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அன்றைய மாற்றம் இருந்தால் மட்டும் எடுக்க வேண்டும்.

கரும்பலகை

யாரும் சீந்தாத இதைத்தான் நாங்கள் முதலில் பரிந்துரைப்போம். திருத்துவது இவ்வளவு சுலபமான ஊடகம் வேறில்லை: துடைத்துவிட்டு எழுதினால் பழைய சேதி உலகத்திலேயே இல்லை.

ஊரடங்கிலும் ஜனங்கள் போயே தீரும் இடங்கள் நான்குதான்: ஆவின் பூத், ரேஷன் கடை, மருந்துக் கடை, தண்ணீர்த் தொட்டி. அங்கே 3 அடிக்கு 2 அடி பலகை. வரிசை இடைவெளி விட்டு நிற்கும் என்பதால் 10 அடி தூரத்தில் இருந்தாவது படிக்க முடிய வேண்டும். 10 அடிக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பலகை எழுதுவோர் கணக்கு. தமிழுக்குச் சுழியும் கொம்பும் இருப்பதால் ஒன்றரை அங்குலமாக வைத்துக்கொள்ளலாம். அந்த அளவில் ஒரு பலகைக்கு ஐந்தாறு வரிதான் பிடிக்கும், அதுவே நல்லது. மேல் மூலையில் தேதி, கீழ் மூலையில் ஒரு போன் எண்.

ஏ3 தாளில் அச்சடித்து ஒட்டுவதும் செய்யலாம். ஆனால் தாளை ஒட்டுபவர் உண்டு, கிழிப்பவர் இல்லை. இரண்டு வாரத்தில் ஆறு தாள் ஒன்றன் மேல் ஒன்றாக, எது இன்றையது என்று தெரியாமல் தொங்கும். பலகையும் சும்மா இருந்தால் கெட்டுப்போகும்: சாக்பீஸ் யார் கையில் என்று பெயர் எழுதி வைக்காவிட்டால் மூன்றாம் நாள் தேதி மாறாது, தேதி மாறாத பலகையை நான்காம் நாள் யாரும் பார்க்க மாட்டார்கள். பூத் திறக்கும் விடிகாலைக்கு முன், முதல் நாள் இரவே எழுதிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கூரைக்குள் இடம் பார்க்க வேண்டும்.

சமுதாய வானொலி

இந்தியாவில் கல்வி வளாகத்திலிருந்து ஒலித்த முதல் சமுதாய வானொலி சென்னையில்தான்: அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4, 2004 பிப்ரவரி 1. எம்.ஓ.பி. வைஷ்ணவ் கல்லூரியும் ஒன்று நடத்துகிறது. 2006-க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் உரிமம் கேட்கலாம்.

சங்கங்கள் சொந்தமாக நிலையம் தொடங்கும் யோசனையை விட்டுவிடலாம். உரிமம் கிடைப்பதற்குள் தொற்று போய்விடும். இருக்கும் நிலையத்தோடு சேர்வதுதான் வழி. அதற்கு முன் அதன் எல்லை தெரிய வேண்டும். உமிழ் திறன் 100 வாட், கோபுரம் 30 மீட்டர் என்ற வரம்பில் 5 முதல் 10 கிலோமீட்டர் வரைதான் எட்டும். கிண்டியிலிருந்து பேசுவது சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அடையாறில் கேட்கும், திருவொற்றியூரில் கேட்காது. இன்னொன்று, சொந்தமாகச் செய்தி வாசிக்கச் சமுதாய வானொலிக்கு அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம்; குடிநீர், மின்சாரம், உடல்நலம் பற்றி நிர்வாகம் தரும் தகவலைச் சொல்லலாம். புதிய ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் எஃப்.எம். கிடையாது, இருப்பவற்றிலும் வயர் இயர்போன் செருகினால்தான் எடுக்கும், அந்த வயர்தான் ஆன்டெனா.

அப்படியானால் எதற்கு? ‘ஏன்’ என்று கேட்பதற்கு. 2020 ஏப்ரல் 19 இரவு, தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தடுத்தது. வேலங்காடு இடுகாட்டில் உடலைக் கொண்டுபோனவர்கள் தாக்கப்பட்டார்கள். புதைத்த உடலிலிருந்து நோய் பரவாது என்பதை மைக்கில் 12 நொடியில் சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது. பக்கத்துத் தெருக்காரரின் கேள்விக்குப் பக்கத்து அரசு மருத்துவமனை மருத்துவர் அதே பேச்சுத் தமிழில் 15 நிமிடம் பதில் சொன்னால் பயம் இறங்கும். அந்த வேலைக்கு வானொலிக்கு ஈடு இல்லை.

ஊரடங்கில் கல்லூரி மூடியிருக்கும், ஸ்டூடியோ கிடையாது. வீட்டிலேயே பதிவு செய்யலாம்: மின்விசிறியை நிறுத்தி, துணி தொங்கும் அலமாரியைத் திறந்து அதன் பக்கம் முகம் வைத்து, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து. அந்தக் கோப்பை வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பக் கூடாது. அது ஒலியை நசுக்கிவிடும். ரெக்கார்டர் செயலியில் பதிந்து ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தரம் குறையாது. நிகழ்ச்சியின் கேள்விகளை வெட்டி இரண்டு இரண்டு நிமிடத் துண்டாகக் குழுவிலும் போடலாம், எஃப்.எம். எட்டாத தெருவுக்கு அதுதான் வானொலி.

மற்றவை

அடையாறு, மயிலாப்பூர், மாம்பலம், அண்ணா நகரில் வீட்டுக்கே இலவசமாக வரும் வார இதழ்கள் விசாரித்து எழுதுபவை, பொறுப்புக்கு ஆள் உள்ளவை. ஆனால் வாரம் ஒருமுறை, பெரும்பாலும் ஆங்கிலம். வருமானம் தெருக்கடை விளம்பரம் என்பதால் கடை மூடினால் அவற்றுக்கும் மூச்சு முட்டும். 2020-இல் பல வளாகங்கள் எந்தத் தாளையும் வாசலுக்குள் விடவில்லை. இவற்றின் நிருபரோடு தொடர்பு வைத்துக்கொள்வது, சேதியைச் சரிபார்க்க இன்னொரு கண்.

எஸ்எம்எஸ் பட்டன் போனுக்கும் போகும். ஆனால் மொத்தமாக அனுப்ப, அனுப்புபவர் பெயரும் வாசக மாதிரியும் முன்பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். 2021 முதல் அது இல்லாத சேதிகளை நிறுவனங்கள் தடுக்கின்றன. தமிழில் ஒரு எஸ்எம்எஸ் 70 குறிதான். கொம்பும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காகும். ‘காய்ச்சல் முகாம்’ கண்ணுக்கு 8 எழுத்து, கணக்கில் இடைவெளியோடு 16. முன்பே பதிவு செய்யாத சங்கம் இதை மறந்துவிடலாம்.

எந்தப் பகுதிக்கு எது

அண்ணா நகர், ஓ.எம்.ஆர். அடுக்குமாடி: நிர்வாகிகள் மட்டும் எழுதும் வாட்ஸ்அப் குழு முதன்மை, லிஃப்ட் பக்கத்திலும் காவலாளி அறையிலும் பலகை, வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்காக. மைக் வேண்டாம், பத்தாவது மாடிக்கு இரைச்சலாகத்தான் போகும்.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் தெருக்கள்: பலகை முதலில், வாட்ஸ்அப் அடுத்து, அன்றைய மாற்றத்துக்கு மட்டும் மைக். சந்துக்குள் ஆட்டோ நுழையாது. கைமைக்கோடு நடக்க ஓர் ஆள் வேண்டும்.

காசிமேடு, நொச்சிக்குப்பம் போன்ற மீனவர் பகுதி: ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஏற்கெனவே மைக் செட் உண்டு, ஊர் அதன் சொல்லைக் கேட்கும். புதிதாக எதையும் தொடங்காமல் அவர்களிடம் 12 நொடி வாசகத்தைக் கொடுத்தால் போதும். கடலுக்குப் போகும் நேரம் பார்த்து ஒலிபரப்ப அவர்களுக்குத் தெரியும்.

கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள்: இங்கேதான் பலகை, வாட்ஸ்அப், மைக் மூன்றும் வேண்டும். பிளாக் வாரியாகப் படிக்கட்டடியில் பலகை, பிளாக்குக்கு ஒரு தன்னார்வப் பெண் பொறுப்பு. நகரத்தின் மற்ற பக்கம் வேலைக்குப் போய் வருபவர்கள் அதிகம் என்பதால் பேருந்து, அனுமதிச் சீட்டு பற்றிய சேதி மற்ற இடங்களைவிட இங்கே முக்கியம். மைக்கை வண்டியில் ஓட்டாமல் பிளாக்குகளுக்கு நடுவிலுள்ள திறந்த வெளியில் மாலை 7 மணிக்கு நிறுத்த வேண்டும்.

எந்த ஊடகமானாலும் சேதி வெளியே போகும் முன் இரண்டு இடத்தில் சரிபார்ப்பு: ஒன்று வார்டு சுகாதார ஆய்வாளர் அல்லது மண்டல அலுவலகம், இன்னொன்று மாநகராட்சியின் அதிகாரப்பூர்வ அறிவிப்பு அல்லது அதன் 1913 உதவி எண். தப்பு நேர்ந்தால், தப்பு எந்தெந்த வழியில் போனதோ அத்தனை வழியிலும் திருத்தம் போக வேண்டும். மைக்கில் தப்பாகச் சொல்லிவிட்டுக் குழுவில் மட்டும் ‘திருத்தம்’ போடுவது அடிக்கடி நடக்கிற பிழை. குழுவில் இல்லாதவர் பழைய முகவரிக்குப் போய் வெயிலில் நிற்பார்.

இத்தனைக்குப் பிறகும் எட்டாத வீடுகள் இருக்கும்: தனியாக இருக்கும் முதியவர், பட்டன் போன், படுக்கையில் இருப்பவர். நூறு வீட்டுக்கு எத்தனை என்று இப்போதே எண்ணி எழுத வேண்டும். இவர்களுக்கு ஆள் போன் செய்வதுதான் ஊடகம். ஒருவர் இருபது வீட்டைக் கூப்பிடலாம், வீட்டுக்கு மூன்று நிமிடம், ஒரு மணி நேர வேலை. ஒருவர் ஒருவருக்குச் சொல்லி அவர் அடுத்தவருக்குச் சொல்லும் சங்கிலி வேண்டாம். மூன்றாவது கையில் 10 மணி 12 ஆகிவிடும். எல்லோரும் ஒரே தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் வைத்துவிடாமல், ‘அம்மா, பிரஷர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு, தண்ணி வந்துதா’ என்று கேட்டு, நோட்டில் அதற்கென்று போட்ட இரண்டு கட்டங்களை நிரப்ப வேண்டும். அடுத்த நாள் பலகையில் என்ன எழுதுவது என்பது பாதி அந்தக் கட்டங்களிலிருந்துதான் வரும்.